வேண்டுதல் பலகை

கியோட்டோவில் அரை நாளில் நான்கு கோயில்களைக் காட்டும் சுற்றுலா அது. மூன்றாவது கோயிலில், வேண்டுதல்களை எழுதித் தொங்கவிட்ட சிறு மரப்பலகைகள் காற்றில் ஒன்றோடொன்று தட்டிக்கொண்டிருந்தன. சற்றுமுன் என் மனைவி பரிமளம் மாட்டிய பலகையை வழிகாட்டிப் பெண் உள்ளங்கையில் ஏந்தினாள். "அழகான எழுத்து. உங்கள் மனைவி என்ன கேட்டிருக்கிறார்?" என்று ஆங்கிலத்தில் என்னிடம் கேட்டாள். குழுவில் எல்லோரும் காத்திருந்தார்கள்.

'இந்த மனுஷனை மன்னிக்கிற மனசைக் குடு' என்று எழுதியிருந்தது. அந்த இன்னொருத்தியைப் பற்றித் தெரிந்த நாளிலிருந்து, எட்டு மாதமாக, பரிமளம் என்னைத் தொட்டதில்லை.

"என் ஆரோக்கியத்துக்காக வேண்டியிருக்கிறாள்" என்றேன். ஒரு வெள்ளைக்கார முதியவர் நெஞ்சில் கைவைத்து அவளுக்குத் தலைவணங்கினார்.

பரிமளத்துக்கு ஆங்கிலம் தெரியாது. முகம் வெளிறிப்போய், "அவங்ககிட்ட என்னங்க சொன்னீங்க?" என்றாள்.

"நீ எழுதினதைத்தான்."

"இத்தனை பேர் முன்னாடியா?"

"ஆமா."

அவள் பலகையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். நான்காவது கோயிலுக்குப் படிகள் அதிகம். பாதியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்து ஏறுங்க" என்றாள்.

நான் படிகளை மட்டும் பார்த்துக்கொண்டு ஏறினேன்.