மூன்றாவது எழுத்து

"பம்ப் என் கண்ணு முன்னாலயே ஷெல்ஃப்ல உக்காந்திருக்கு. எடுத்துக் குடுக்கறதுக்கு என்ன டீச்சரம்மா?" என்றார் மெக்கானிக்.

ராணுவ உதிரிபாகக் கிடங்கில் எல்லோருக்கும் பொருள்களின் குறியீட்டைப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர்.

"குடுத்தா நீங்க மாட்டிடுவீங்களே அண்ணே." கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினாள். "முதல் ரெண்டு எழுத்து, பொருள் எங்கேருந்து வரும்னு சொல்லும். மூணாவது எழுத்து, அதை யார் மாட்டலாம்னு சொல்லும். இங்க 'டி' போட்டிருக்கு. தலைமைப் பணிமனையிலதான் மாட்டணும். நாம கை வைக்கக் கூடாது."

"போன வாரம்கூட நான்தானே மாட்டினேன்?"

"அப்ப 'ஓ'ன்னு இருந்துச்சு. இப்ப மாத்திட்டாங்க."

"துப்பாக்கியை நம்பிக் குடுப்பாங்க, ஒரு டீசல் பம்பை நம்பிக் குடுக்க மாட்டாங்களாமா?" சொல்லிவிட்டு அவர் சிரிக்கவில்லை. "ஆம்புலன்சுக்குக் கேக்கறேம்மா. மலைப் பாதையில ரெண்டு பேர் அடிபட்டுக் கெடக்கறாங்க. பணிமனைக்கு இழுத்துட்டுப் போய் மாட்டிட்டு வர்ற வரைக்கும் உயிரு காத்துக்கிட்டு இருக்குமா?"

"ரூல்னா ரூல்தான் அண்ணே."

"படிச்சதெல்லாம் இதுக்குத்தானா?" கதவை அறைந்துவிட்டுப் போனார்.

அவள் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்த எழுத்தை மாற்றியது மேலிடம் அல்ல. அவளேதான், நேற்று மாலை.

ஜன்னலுக்கு வெளியே ஒரு சரக்கு லாரி பானெட்டைத் திறந்துகொண்டு நின்றது. அதற்கும் இதே பம்ப்தான். ஓட்டுபவன் அவள் தம்பி. அம்மா போன பிறகு அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன். மலைப் பாதைக்குப் போன வண்டிகள் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. "பம்ப் மாட்டினதும் என்னைத்தான் அனுப்பறாங்கக்கா" என்று நேற்று அவன் சொன்னபோது முகத்தில் ஈயாடவில்லை. அவனைப் போகவிடாமல் நிறுத்த அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அந்த எழுத்து. அதே பம்ப் ஆம்புலன்சுக்கும் பொருந்தும் என்பது, எல்லோருக்கும் பாடம் எடுத்தவளுக்கு அந்த நேரத்தில் உறைக்கவில்லை.

பக்கத்து அறை வயர்லெஸ்ஸில் மலைப் பாதையிலிருந்து ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

"வண்டி கிளம்பிடுச்சா?"

கொஞ்சம் கழித்து மறுபடியும், "வண்டி கிளம்பிடுச்சா?" இந்த முறை குரல் தேய்ந்திருந்தது.

அவளால் உட்கார முடியவில்லை. அந்தக் குரலுக்கும் எங்கோ ஓர் அக்கா இருப்பாள்.

ஷெல்ஃபில் இருந்த இரண்டு பம்பில் ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஷெட்டுக்கு ஓடினாள்.

"ஆம்புலன்சுக்கு மட்டும்தான் அண்ணே. யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க."

மெக்கானிக் கையெடுத்துக் கும்பிட்டார்.

திரையில் அந்த எழுத்தை அவள் தொடவில்லை. தொட்டால் லாரிக்கும் பம்ப் போய்விடும். இப்போது அங்கே இரண்டு பேரும் பிழைப்பார்கள். இங்கே தம்பியும் பத்திரமாக இருப்பான். நேற்றிலிருந்து முதல்முறையாக ஒரு டம்ளர் தண்ணீர் தொண்டையில் இறங்கியது.

வேலை முடிந்ததும், கழற்றிய பழைய பம்போடு மெக்கானிக் வந்து நின்றார்.

"இதைக் குப்பையில வீசிடவா?"

"வீசக் கூடாது அண்ணே. அதுக்குத்தான் கடைசி எழுத்து. கெட்டுப்போனாலும் திருப்பி அனுப்பணும். வச்சிட்டுப் போங்க."

வாசல் பக்கம் சைரன் ஒலித்துத் தேய்ந்தது.

"கிளம்பிடுச்சா?" என்றாள்.

"கிளம்பிடுச்சு. கோவத்துல ஏதோ பேசிட்டேன், மனசுல வச்சுக்காதம்மா." எண்ணெய்க் கையைத் துடைத்தபடி சொன்னார். "வண்டி ரெடியானதும் பாத்தா ஆம்புலன்ஸ் டிரைவருக்குக் காய்ச்சல், எழுந்திருக்கவே முடியல. யாரை அனுப்பறதுன்னு முழிச்சிட்டு நின்னோம். லாரிதான் ஓடலையே, சும்மாதானே இருக்கான்னு உன் தம்பியை ஏத்தி அனுப்பிட்டாரு ஆபீசர்."