கிடாய்க்கு ஒரு மாதிரியா இருந்தது

கோயில் வாசலில் ஒரு கிடாயையும் ஒரு சேவலையும் பக்கத்தில் பக்கத்தில் கட்டியிருந்தார்கள்.

“அண்ணே, எனக்கு ஒரு மாதிரியா இருக்கு” என்றது கிடாய்.

சேவல் சிரித்தது. “பசிச்சாலும் ஒரு மாதிரி, வெட்கம் வந்தாலும் ஒரு மாதிரி. உனக்கு எந்த மாதிரிடா?”

“தெரியலை. மாலை போட்டதிலிருந்து இப்படித்தான் இருக்கு.”

“உடம்பை ஒரு உலுப்பு உலுப்பு, சரியாப் போயிடும்.”

பூசாரி வந்து கிடாயின் முதுகில் மஞ்சள் தண்ணீரை ஊற்றினார். உலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்ததாக அர்த்தம், அப்புறம் அரிவாள்தான். கிடாய்க்கு உடம்பே மரத்துப்போயிருந்தது. மூன்று குடம் ஊற்றியும் அது அசையவில்லை.

“உலுப்பலையேப்பா, சாமிக்கு இது வேண்டாமாம்” என்று கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். பூசாரி குடத்தோடு சேவல் பக்கம் திரும்பினார்.

“தம்பி, எனக்கும் ஒரு மாதிரியா இருக்குடா” என்றது சேவல்.

“உலுப்பிராதீங்க அண்ணே” என்றது கிடாய்.