கரை வந்தாச்சு

காற்றடித்த லாரி டியூப் கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டு கிடந்தது.

பெத்துராஜ் அதன் நடுவில் உட்கார்ந்து, கால்களை வெளியே தொங்கவிட்டுக் காட்டினான்.

"இப்படித்தான். துடுப்பும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். மல்லாந்து கிடந்தாப் போதும், ஆறே கொண்டு போயிரும்."

மகள்கள் விஜயாவும் சுந்தரியும் கை தட்டினார்கள்.

பெத்துராஜுக்குக் கல்கத்தா கார்டன் ரீச்சில் ரயில்வே ஆபீஸ் வேலை. பூஜை லீவுக்குப் பவானிபூர் வீட்டைப் பூட்டிக்கொண்டு சுவர்ணரேகை ஆற்றங்கரைக்குப் போவதாகத் திட்டம். அங்கே ஒரு பங்களாவில் இரண்டு அறைகள் சொல்லியாயிற்று. மீன் பிடித்து வந்து சமைத்துப் போட ஆள் உண்டு. மேலே பாறைகளுக்குப் பக்கத்தில் டியூபில் ஏறினால், மிதந்துகொண்டே வந்து பங்களாவுக்கு எதிரே மணலில் இறங்கலாமாம். தண்ணீர் இடுப்பளவுதான் என்று ஆபீஸில் ராமன் சத்தியம் செய்திருந்தான்.

அவர்கள் குடும்பமாக ஊர் சுற்றப் போவது இதுதான் முதல் தடவை.

மனைவி தாயம்மாளிடம் இதைச் சொன்னபோது அவள் அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்தினாள். பிறகு, "அப்பாவையும் கூட்டிட்டுப் போவோம்" என்று மட்டும் சொன்னாள்.

அவளுடைய அப்பா சுப்பையா பக்கத்துத் தெருவில் மளிகைக் கடை வைத்திருந்தார். முன்பு பர்மாவில் வைத்திருந்தார். ஜப்பான்காரன் குண்டு போட்டபோது, தாயில்லாத பெண்ணைக் கூட்டிக்கொண்டு காடும் மலையுமாக நடந்தே இந்தியா வந்து சேர்ந்தவர். தாயம்மாள் அவருக்கு ஒரே பிள்ளை. கல்யாணத்தின்போது பெத்துராஜின் வீட்டாருக்குச் சொல்லப்பட்டது இவ்வளவுதான்.

கல்கத்தாவில் இத்தனை காலம் இருந்தும் அவர் கங்கையில் ஒரு முழுக்குப் போட்டதில்லை. அதைப் பெத்துராஜ் கேலிகூடச் செய்திருக்கிறான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. கடையடைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வந்த சுப்பையா, டியூபைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். செருப்பைக் கழற்றவில்லை.

"வாங்க மாமா. உங்களுக்குத் தனியா ஒரு டியூப் வாங்கட்டுமா, இல்ல பேத்திகளோட ஒண்ணா ஏறிக்கிறீங்களா?"



அதற்குள் பெண்கள் இரண்டு பேரும் எதிரெதிராக ஏறி உட்கார்ந்து டியூபை ஆட்ட ஆரம்பித்திருந்தார்கள். ஒருத்தி அலை மாதிரி சத்தம் போட்டாள். மற்றவள் எம்பிக் குதித்தாள். டியூப் ஒருபக்கமாகத் தூக்கிக்கொண்டு கவிழ்ந்தது. இருவரும் சிரித்தபடி தரையில் உருண்டார்கள்.

சுப்பையா பாய்ந்து வந்தார். முழங்கால் தரையில் மோத விழுந்து, கைக்கு அகப்பட்ட ஒரு மணிக்கட்டைப் பிடித்தார். அது சின்னவள் சுந்தரியுடையது.

எல்லோரும் அதை விளையாட்டு என்றுதான் நினைத்தார்கள்.

ஆனால் அவர் கண்களை இறுக மூடிக்கொண்டிருந்தார். தண்ணீருக்கு மேலே முகத்தை வைத்திருக்கப் பாடுபடுகிறவர்போல் மோவாய் தூக்கியிருந்தது. வாயால் மூச்சு வாங்கினார்.

"விட்ராத ஜானகி. விட்ராதம்மா. இந்தா வந்துட்டோம்."

"லாக்சே! சாடோ தாத்தா, சாடோ!" என்று சுந்தரி அலறினாள். வலிக்குது, விடு என்பதெல்லாம் அவளுக்கு வங்காளியில்தான் வரும்.

பெத்துராஜ் அவர் விரல்களைப் பிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. குழந்தையின் கை வெளுத்துக்கொண்டு வந்தது.

"மாமா, கண்ணத் தொறந்து பாருங்க! இது ஜானகி இல்ல, இது..."

அடுக்களையிலிருந்து ஓடி வந்த தாயம்மாள் அவன் வாயைப் பொத்தினாள்.

அப்பாவின் அருகில் மண்டியிட்டாள். அவர் காதோடு வாயை வைத்து, பெத்துராஜ் ஒருநாளும் கேட்டிராத மெல்லிய குரலில் சொன்னாள்.

"அப்பா, நான் ஜானகிதான். கரை வந்தாச்சு. விடுங்க."

விரல்கள் தளர்ந்தன.

சுப்பையா கண்ணைத் திறந்தார். சுந்தரியைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஏமாற்றம்போல் ஏதோ ஒன்று வந்து போனதாகப் பெத்துராஜுக்குப் பட்டது. அவர் எழுந்து உள்ளே போய், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சுந்தரி அழுது ஓய்ந்து தூங்கிய பிறகு, அவள் மணிக்கட்டில் தாயம்மாள் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"யாரு அது ஜானகி?"

"எங்க அக்கா."

அப்படி ஒருத்தி இருந்ததே அவனுக்குத் தெரியாது.

தாயம்மாள் தலை நிமிராமல் சொன்னாள். நடந்து வந்த வழியில் ஒரு ஆறு. பெருமழை. படகு கிடையாது. பட்டாளத்துக்காரர்கள் போட்டுவிட்டுப் போன லாரியிலிருந்து அப்பா ஒரு டியூபைக் கழற்றி, பெண்கள் இரண்டு பேரையும் அதில் ஏற்றி, நீந்தித் தள்ளிக்கொண்டு வந்தார். நடு ஆற்றில் அது கவிழ்ந்தது. முங்கித் துழாவியதில் ஒரு கைதான் அகப்பட்டது.

"மழையில கண்ணு தெரியல. கரை வர்ற வரைக்கும் ஜானகி, ஜானகின்னு கூப்பிட்டுக்கிட்டே இழுத்துட்டு வந்தார்."

பெத்துராஜ் கூடத்தில் கிடந்த டியூபைத் திரும்பிப் பார்த்தான். பிறகு, பங்களா வேண்டாமென்று சொல்லிவிடுவதாகச் சொன்னான்.

"இல்ல, போவோம். இதுங்க ரெண்டும் நீந்தப் பழகட்டும்."

அவன் அவள் தோளைத் தொட்டான். "நீயாவது அவர் கையில கிடைச்சியே."

தாயம்மாள் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"நான் தாயம்மான்னு அவர்ட்ட சொல்லவே இல்லங்க. சொன்னா விட்ருவார்னு பயந்துட்டேன்."