தலைவர் கலந்த காபி

பெரிய கம்பெனியின் உயர் பதவியை உதறிவிட்டு, கிறிஸ்தவத் தொண்டு நிறுவனத்தின் தலைவராக வந்திருந்தார் அவர். முதல் நாளே எல்லார் மனதிலும் இடம்பிடித்துவிட வேண்டும் என்று ஒரே துடிப்பு.

கம்பளி மூட்டை கட்டிக்கொண்டிருந்த ஸ்டோர்கீப்பரை அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். தன் கையாலேயே காபி கலந்து நீட்டினார்.

"உக்காருங்க. வீட்ல எல்லாரும் சௌக்கியமா? பசங்க என்ன படிக்கிறாங்க?"

ஸ்டோர்கீப்பரின் முகம் வெளிறியது. காபியைக் குடிக்காமல் மேசைமேல் வைத்தார்.

"ஐயா... நான் என்ன தப்பு பண்ணேன்?"

"அட, ஒண்ணுமே இல்லீங்க! சும்மா அன்பா நாலு வார்த்தை பேசலாம்னுதான்."

"உங்களுக்கு ஞாபகம் இருக்காது ஐயா. நான் உங்க பழைய கம்பெனியில வேலை பார்த்தப்பவும் இப்படித்தான் கதவச் சாத்தி, காபி குடுத்து, பசங்கள விசாரிச்சீங்க. காபி ஆறுறதுக்குள்ள என் வேலை போயிடுச்சு!"