பொட்டு வைத்த அபாய மணி

முதலில், ஊதுபத்திப் புகைக்கு அலறிவிட்டது என்று அந்த வாடகைக் கட்டடத்தின் தீ அபாய மணியின் வாயில் துணியை அடைத்தார்கள். அடுத்து, படிக்கட்டு அவசர விளக்கின் பேட்டரியைக் கழற்றிக் கட்டட முதலாளியின் பூஜையறைக்குக் கொண்டுபோனார்கள். பிறகு, ஆயுத பூஜையன்று இரண்டுக்கும் சந்தனம், குங்குமம் வைத்துவிட்டு, பராமரிப்பு முடிந்தது என்றார்கள்.

"பொட்டு வச்சா போதுமாடா? மாடியில தைக்கிற பொண்ணுங்களுக்கு நாமதானே காவல்!" என்று மணி கொதித்தது.

"கத்தாதீங்க அண்ணே. உங்களுக்கு வாய் நிறையத் துணி, எனக்கு வயித்துல ஒண்ணுமே இல்ல" என்றது விளக்கு.

ஒருநாள் கீழ்த்தளத்தில் துணிக்கட்டு பற்றிக்கொண்டது. மணி உயிரைக் கொடுத்து அலறியும் வெறும் முனகல்தான் வெளியே வந்தது. புகையிருட்டில் படி தெரியாமல் தையல்காரி செங்கமலம் மாடியிலேயே மாண்டுபோனாள்.

விசாரிக்க அதிகாரி வந்தார். வாடகைக்காரர்கள் சாட்சியாகச் சுற்றி நின்றார்கள். முதலாளி கைகட்டி ஓரமாக நின்றார்.

"இப்பப் பாரு தம்பி, எல்லார் முன்னாடியும் அந்த ஆள் பேரைப் படிக்கப் போறாங்க" என்றது மணி.

அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு, செங்கமலத்தைக் கொன்றது யார் என்பதை உரக்க வாசித்தார்:

"மின்கசிவு."