கூடப் போட்ட ஆறு பேர்

“பதினைஞ்சு எண்டு போடும் ரீச்சர். நான் கையெழுத்து வைக்கிறன்.”

அதிபர் பரமலிங்கம் இப்படிச் சொன்னதும் ஜெசிதா மறுபேச்சில்லாமல் கணினியின் முன் உட்கார்ந்தாள். அவளுடைய விசேட கல்வி அலகில் படிப்பது ஒன்பதே பிள்ளைகள். வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போகும் படிவத்தில் இன்னும் ஆறு பேர் கூடப் போகிறார்கள்.

“பதினைஞ்சு பேர் இருந்தால்தான் இந்த முறை நிதி. வந்துதெண்டால் மண்டபத்துக்கு மாபிள் பதிச்சிடலாம்” என்றார் பரமலிங்கம். “நாலாம், அஞ்சாம் வகுப்பிலை பாத்து எடும். வாயாடியள் வேண்டாம். ஆர் வந்து என்ன கேட்டாலும் வாய் திறக்காததுகளாப் பாத்துப் போடும்.”

“ஓம் சேர்.”

அந்த இரண்டு வகுப்புகளுக்கும் கிழமைக்கு இரண்டு பாடவேளை சித்திரம் படிப்பிப்பவள் அவள்தான். கடைசி வரிசை வாங்கில் சத்தமில்லாமல் இருக்கும் ஆறு பேருடைய பெயர்கள் உடனே நினைவுக்கு வந்தன. தட்டச்சுச் செய்து கொடுத்தாள். பரமலிங்கம் வாசித்தும் பாராமல் கையெழுத்து வைத்து முத்திரையைக் குத்தினார். அவளுக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாகிவிட்டது.

இப்படி ஒரு கையெழுத்துக்காகத்தான் அவள் பதினேழு வருசம் காத்திருந்தாள்.

அந்தக் காலத்தில் பரமலிங்கம் குருநகர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு வாத்தியார். ஜெசிதாவின் தம்பி றஜிந்தன் அவருடைய வகுப்பு. கேள்வி கேட்டால் அவன் பதில் சொல்லாமல் நிற்பான். “திமிர்” என்று சொல்லி அறைவார். ஒருநாள் அறைந்த அறையில் காதால் இரத்தம் வந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்த டொக்டர், பையனுக்குச் சின்ன வயதிலிருந்தே இரண்டு காதும் மந்தம் என்றார்.

அவர்களுடைய அப்பா பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கேட்டபோது பரமலிங்கம் சொன்னது ஒரே வசனம்தான். “அவன் சொல்லாமல் எனக்கு எப்பிடித் தெரியும்?”

றஜிந்தன் அதன்பிறகு படிக்கப் போகவில்லை. இன்றைக்கும் அவன் மீன்பிடிக்க ஏறிப்போகிற வள்ளத்தில் யாராவது சட்டையைப் பிடித்து இழுத்தால்தான் திரும்பிப் பார்ப்பான். ஜெசிதா அவனை நினைத்தே விசேட கல்வி படித்து ஆசிரியையானாள். இரண்டு வருசத்துக்கு முன் பரமலிங்கம் அவள் படிப்பிக்கிற இந்தப் பள்ளிக்கூடத்துக்கு அதிபராக மாறி வந்தார். அவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அவளுக்கு அந்த வலது கையைக்கூட அடையாளம் தெரிந்தது.

அன்று பின்னேரமே படிவத்தின் பிரதி ஒன்றும் பெயரில்லாத கடிதம் ஒன்றும் மாகாண அலுவலகத்துக்குத் தபாலில் போயின. ‘கூடப் போட்டிருக்கும் ஆறு பிள்ளைகளுக்கும் எந்தக் குறையும் இல்லை. நேரில் வந்து சோதித்துப் பாருங்கள்.’ அந்த வரியின் கீழ் அவள் இரண்டு தரம் கோடு இழுத்திருந்தாள்.

மூன்றாம் வாரம், முன்னறிவித்தல் இல்லாமல் ஒரு வான் வந்து நின்றது. மாகாணத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பான அதிகாரி அருந்ததி இறங்கினார். கூடவே காது சோதிக்கிற பெட்டியோடு ஒருவர், கண் பார்க்கிற ஒருவர்.

“இந்த ஆறு பேரையும் ஒவ்வொருத்தரா அனுப்புங்கோ” என்று சொல்லி அருந்ததி நூலகக் கதவைச் சாத்திக்கொண்டார்.

பரமலிங்கம் விறாந்தையில் ஜெசிதாவை மறித்தார். முகத்தில் ஈயாடவில்லை. “ரீச்சர், நீர்தான் ஏதும் சொல்லிச் சமாளிக்கவேணும். என்ரை பென்சனே போயிடும்.”

“குருநகர் றஜிந்தனை ஞாபகமிருக்கோ சேர்?”

அவர் விழித்தார்.

“காதாலை ரத்தம் வந்தவன். என்ரை தம்பி.”

பரமலிங்கம் பக்கத்திலிருந்த வாங்கில் அப்படியே இருந்துவிட்டார். ஜெசிதா நின்று நிதானமாக அந்த முகத்தைப் பார்த்தாள். பதினேழு வருசத்துக்கும் சேர்த்து வைத்துப் பார்த்தாள். பிறகு, தம்பிக்கு இதை எந்தச் சைகையில் சொல்லலாம் என்று யோசித்தபடி ஆசிரியர் அறைக்குப் போனாள்.

பள்ளிக்கூடம் விடுகிற நேரம் இருவரையும் நூலகத்துக்கு அழைத்தார்கள். அருந்ததியின் முன் படிவமும் கடிதமும் அருகருகே கிடந்தன.

“ஆறு பேரையும் சோதிச்சிட்டம்” என்றார் அருந்ததி. “ஆரபிக்கு இடது காது சுத்தமாக் கேக்காது, மற்றது அரைவாசி. சித்திரப் பாடத்திலை பக்கத்துப் பிள்ளை என்ன நிறம் எடுக்குதெண்டு பாத்துத்தான் தானும் எடுக்கிறாளாம். மூண்டு பேருக்கு எழுத்துகள் மாறி மாறித் தெரியுது. ஒராளுக்குக் கரும்பலகையே தெரியேல்லை. மற்றப் பிள்ளை அடிக்கடி வெறிச்சுப் பாத்துக்கொண்டு இருக்கிறது யோசினை இல்லை, அது ஒரு விதமான வலிப்புப் போலை, டொக்டரிட்டைக் காட்டவேணும்.”

ஜெசிதா படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, தான் தட்டிய அந்த ஆறு பெயர்களையும் திரும்ப வாசித்தாள்.

அருந்ததி பரமலிங்கத்தின் பக்கம் திரும்பினார். “மற்றப் பள்ளிக்கூடங்கள் இப்பிடிப் பிள்ளையளை மறைக்கினம். நீங்கள் தேடிப் பிடிச்சுப் பதிஞ்சிருக்கிறியள் சேர். காதுக் கருவி, கண்ணாடி, கூட ஒரு ரீச்சர், எல்லாத்துக்கும் நான் எழுதிறன்.”

பரமலிங்கம் ஒன்றும் விளங்காமல் தலையாட்டினார். பிறகு மெல்ல ஜெசிதாவைப் பார்த்தார்.

அருந்ததி கடிதத்தை நான்காக மடித்து, கிழித்துக் கூடைக்குள் போட்டார்.

“உந்தக் கடிதத்தை எழுதின ஆள் இந்தப் பிள்ளையளைப் பாத்ததேயில்லை, ரீச்சர்.”