சோபாவில் இரண்டு வருஷம்

நிதி நிறுவன மேனேஜர் இன்னாசிமுத்து, "ரெண்டு வருஷ அனுபவம் வேணும்மா, சேத்துக்கிட்டு வா" என்றார். வரலாறு படித்த பொற்கொடிக்கு அதை எங்கே போய்ச் சேர்ப்பதென்று தெரியவில்லை. வரவேற்பறைச் சோபாவிலேயே உட்கார்ந்துவிட்டாள். சோபா அவள் அளவுக்குக் குழிந்தது. உறை மாற்ற வந்த தையல்காரர் அவளையும் சேர்த்தே அளவெடுத்தார். கடன் கேட்டு வந்தவர்களுக்கு அவள்தான் விண்ணப்பம் நிரப்பினாள். யார் தவணை கட்டுவார், யார் சொல்லாமல் வீடு மாறுவார் என்பதைச் செருப்பைப் பார்த்தே சொன்னாள். இன்னாசிமுத்துவே கதவிடுக்கில் தலையை நீட்டி, "இந்த ஆள் எப்படிம்மா?" என்பார். அவள் உதட்டைப் பிதுக்கினால் கடன் கிடையாது.

இரண்டு வருஷம் முடிந்த அன்று எழுந்தாள். முழங்கால் நிமிரவில்லை. மடங்கியபடியே உள்ளே போனாள்.

"அனுபவம் ஆச்சு சார்."

"ஆச்சு, நான் இல்லேங்கலை. ஆனா சோபாவுலதானம்மா? நாங்க கேக்கறது நாற்காலியில."

வெளியே வந்தபோது அவளுடைய குழியில் வேறொரு பெண், சான்றிதழ்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பொற்கொடி அவள் எதிரில் போய் நின்றாள்.

"ஏம்மா, இதுல உக்கார முன்அனுபவம் இருக்கா?"